மீன்தொட்டி ஓர மேஜையில் நான் சொன்ன சம்மதம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நான் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி என் நிலைமை என்னவென்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. எழுதிக்கொண்டே போனால் ஒருவேளை எனக்கும் விளங்கலாம். இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் மட்டும் தனியாகப் படிக்கவும். அக்காவிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதை உங்கள் பொறுப்பில் விடுகிறேன்.

என் மகளுக்கு நீங்கள் இந்த வரனைப் பார்த்துச் சொன்னபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா போன பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தாலே அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள். அந்த அடுத்த வருஷம் நாலு தடவை வந்து போய்விட்டது, அவளுக்கும் முப்பத்தொன்று ஆகிவிட்டது. இந்தத் தடவை உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, சரிப்பா, போய்ப் பாக்கலாம் என்று சொல்லிவிட்டாள். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பையன் வீட்டார் தடபுடல் எதுவும் வேண்டாம், துறைமுகச் சாலையில் இருக்கும் மீன் சாப்பாட்டு ஹோட்டலில் புதன்கிழமை பன்னிரண்டரைக்குச் சாதாரணமாகச் சந்திப்போம், மீன்தொட்டிக்குப் பக்கத்து மேஜை என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போட்டோவெல்லாம் எதற்கு, நேரிலேயே பாருங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மகள் ஆஸ்பத்திரி லேபில் காலை வேலையை முடித்துவிட்டு நேராக வந்துவிடுவதாகச் சொன்னாள்.

நான் பன்னிரண்டே காலுக்கே போய்விட்டேன். அந்த ஹோட்டலில் இரண்டு மீன்தொட்டிகள் உண்டு என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. ஒன்று வாசலை ஒட்டி, இன்னொன்று கடைசியில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். வாசல் தொட்டி ஓரமாக என் வயதில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அடர்த்தியான நரைத்த மீசை, அந்த அம்மாள் மடியில் ஒரு ஃபைல். நான் அருகே போய், "நீங்கதானே இன்னைக்கு வரச் சொன்னது?" என்று கேட்டேன். அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, உங்களத்தான் பாத்துட்டிருக்கோம். உக்காருங்க" என்றார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன விசாரிக்க வேண்டும், அத்தான்? அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்றா கேட்க முடியும்?

அடுத்ததாகச் சாப்பாட்டு அட்டை வந்தது. இருபத்தெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் கையில் 'மீன் வருவல்' என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்தால் அவன் கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வெளியே வந்தது. வருவல் இரண்டு இடத்தில், 'இரால்' இரண்டு இடத்தில், 'நன்டு சூப்' ஓர் இடத்தில். ஐந்தையும் சுழித்து ஓரத்தில் திருத்தம் போட்டு வைத்தேன். பரிமாறுகிறவர் வந்து அட்டையைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனார், கால் மணி நேரத்தில் நான் சுழித்த ஐந்தையும் கொண்டுவந்து மேஜை கொள்ளாமல் அடுக்கிவிட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் இது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எல்லாம் நான் சொன்னதுதான் என்பது போல உட்கார்ந்திருந்தேன்.

மீசைக்காரர் பேச்சை ஆரம்பித்தார். "முதல்லயே உண்மையச் சொல்லிடறேங்க. கொஞ்சம் தண்ணி உள்ள போகும். ஆனா நாள் பூரா போனாலும் முழுகுனதில்ல" என்றார். நான் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு மாதிரி இல்லை, இப்போது நிறையக் குறைந்திருக்கிறது என்று அந்த அம்மாள் ஆறுதல் சொன்னாள். பெற்ற பிள்ளையை இருவரும் 'அது, அது' என்றே பேசியதையும் கவனித்தேன். நாமும் வீட்டில் 'அது சாப்பிட்டுச்சா, தூங்கிடுச்சா' என்று செல்லமாகச் சொல்கிறோம் இல்லையா, பாசம் என்று எடுத்துக்கொண்டேன். வயது என்ன ஆகிறது என்று கேட்டேன். முப்பத்திரண்டு ஆனாலும் கட்டை நல்ல உறுதி என்றார். நீங்கள் முப்பத்துநாலு என்று எழுதியிருந்தீர்கள். பெற்றவர்கள் இரண்டு வயது குறைத்துச் சொல்வது உலகத்தில் நடக்காததா என்று அதையும் விட்டுவிட்டேன். அதன் பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்தி, "இதுக்கு முன்னாடி ஒரு இடத்துல குடுத்தோங்க. ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு, ஒத்து வரலன்னு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க" என்றார். எனக்கு இறால் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இப்படி ஒரு முதல் கல்யாணம் நடந்ததாக நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. நான் உங்களைக் குறை சொல்லவில்லை, உங்களிடமும் மறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவழியாகத் தண்ணீர் குடித்துவிட்டு, நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டேன். தாராளமாகப் பார்க்கலாம், இப்போது கரையில் கவிழ்ந்துதான் கிடக்கிறது என்றார். அப்போது பகல் ஒரு மணிகூட ஆகவில்லை, அத்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் புத்தி ஏன் அப்படிப் போனது என்று நான்கு நாளாக நானும் யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிற வரன் விளம்பரப் பக்கம் இருபத்தெட்டு வருஷம் என் கை வழியாகத்தான் போயிற்று. எல்லாப் பையனும் நற்குணம், எல்லாக் குடும்பமும் கௌரவம். குறை உள்ள ஒரு பையனை அந்தப் பக்கத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இங்கேயோ ஒரு தகப்பன், கேட்பதற்கு முன்னாலேயே தன் பிள்ளையின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்கிறார். என் மகளும் அப்படியொன்றும் லேசுப்பட்டவள் இல்லை. சட்டென்று கோபப்படுவாள், சமையல் என்றால் தெறித்து ஓடுவாள். எதையும் மறைக்காத வீட்டில் அவள் பயமில்லாமல் இருப்பாள் என்று தோன்றிவிட்டது. கண் கலங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம், சூப்பில் மிளகும் அதிகம். நான் எழுந்து நின்று, எனக்குப் பூரண சம்மதம், பெண் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டால் முடித்துவிடலாம் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு, "பொண்ணா ஓட்டப் போகுது?" என்று கேட்டார். இனிமேல் எல்லாவற்றையும் அவள்தான் ஓட்ட வேண்டும், எங்கள் வீட்டையே இத்தனை வருஷம் அவள்தான் ஓட்டினாள் என்று பெருமையாகச் சொன்னேன்.

நின்றபடியே பார்க்கிறேன், ஹாலின் கடைசியில் இன்னொரு மீன்தொட்டி, அதன் ஓரத்து மேஜையில் என் மகள். எதிரே ஒரு பெரியவர், ஒரு அம்மாள், நீலச் சட்டையில் ஒரு வாலிபன். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த என்னைக் கவனிக்காமலே உள்ளே போயிருக்கிறாள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பாவம், மேஜை மாறிப்போய்ப் பிறத்தியாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. வேகமாகப் போய் அந்தப் பெரியவரிடம் கைகூப்பி, "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பொண்ணு இடம் மாறி உக்காந்துட்டா. உங்களப் பாத்தா நல்ல குடும்பமாத்தான் தெரியுது, ஆனா நான் இப்பத்தான் அங்க ஒரு இடம் முடிச்சிட்டு வரேன்" என்றேன். அவர் கையில் எடுத்த மீன் துண்டு வாய்க்கும் தட்டுக்கும் நடுவிலேயே நின்றது. அப்பா, என்னப்பா சொல்றீங்க என்று மகள் கேட்கக் கேட்க, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மீசைக்காரர் அவளிடம் முதல் கேள்வியாக நீச்சல் தெரியுமா என்று கேட்டார். எதற்கு என்றாள். பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது, கவலைப்பட வேண்டாம், தார் வைத்து அடைத்துப் புதுப் பெயிண்டும் அடித்துத் தருகிறேன் என்றார். நான் மெதுவாக, "மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டேன். தொட்டியில் காற்று விடுகிற மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாள்தான் கடைசியில், "எந்த மாப்பிள்ளைங்க? நாங்க படகு விக்க வந்தோம்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கடைசி மேஜை காலி. முழு மீன் ஒன்று பாதி தொட்டும் தொடாமலும் தட்டில் கிடந்தது. மகள் ஒரு டம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், வேலை இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய்விட்டாள். படகு வாங்க வேண்டிய ஆள் கடைசிவரை வரவேயில்லை. அந்தத் தம்பதி நல்ல மனிதர்கள், என்னைத் தனியாக விடாமல் ஐந்து தட்டையும் என்னோடு சேர்ந்து சாப்பிட்டு முடித்தார்கள். கிளம்பும்போது அவர், படகு வேண்டாமென்றால் பரவாயில்லை, மகளுக்கு நல்ல இடமாக அமையட்டும் என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

அன்றிலிருந்து நான்கு நாள் ஆகிறது. மகள் என்னிடம் 'சாவி', 'சாப்பாடு' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. நான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். அவள் அம்மா இருந்திருந்தால் உட்கார்ந்த நிமிஷமே உங்க பையன் பேர் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாள், எல்லாம் அதோடு தீர்ந்திருக்கும். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஆகவே நீங்கள் தயவுசெய்து அந்த வீட்டாரிடம் நேரில் போய், பெண் மேல் ஒரு தவறும் இல்லை, புத்தி பிசகினது தகப்பனுக்குத்தான் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். அவர்கள் எங்கே வரச் சொன்னாலும் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். முழு விலாசத்தோடு சொல்லச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லோரும் நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக வளரட்டும். பதில் எழுத மனம் வராவிட்டால் வெறும் உறையையாவது அனுப்புங்கள், கோபம் என்று புரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் வேலையிலிருந்து வந்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், மூன்றாம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமாவுக்கு எல்லாம் தெரியும்பா" என்றாள். அந்த நீலச் சட்டைப் பையன் அவள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுக்கிறவனாம். மூன்று வருஷப் பழக்கமாம். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, நீங்கள் பார்த்த வரன் மாதிரி எழுதச் சொல்லி அவர்கள் இரண்டு பேரும்தான் உங்களைக் கேட்டுக்கொண்டார்களாம், எழுதிய கடிதத்தை அக்காதான் சரிபார்த்தாளாம். பையனின் அம்மா கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லையாம், சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே காற்றாட அழைத்துப் போனார்களாம். இவள் நான்கு நாளாக வாய் திறக்காததற்கும் அதுதான் காரணமாம், திறந்தால் சிரிப்பு வந்துவிடுமாம். ஆகையால் மேலே எழுதிய எதையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம், யாரிடமும் போய் விளக்கவும் வேண்டாம். நாலு பக்கம் பிழையில்லாமல் எழுதியாகிவிட்டதால் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். வரும் ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். நானும் வாசல் வரை போவேன். கதவை மட்டும் அவளே தட்டட்டும் என்று சொல்லிவிட்டேன்.