பூசான் விருந்தில் நான் தள்ளிய மீன்

பூசான், கொரியா
18.11.1962

786

பெரியபட்டினத்தில் இருக்கும் என் தாய்மாமா நெய்னா முகம்மது அவர்களின் சமூகத்திற்கு, மருமகன் சதக்கத்துல்லா ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தாங்களும் மாமியும் மஜீதாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "ராத்திரி பூரா குடிச்சுப்புட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு, பொம்பள பக்கத்துல உக்காந்து திங்கிறவனுக்கு என் மகளத் தரமாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மஜீதா இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலையும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம். தங்களிடம் வத்தி வைத்தது கப்பல் சமையல்காரர் புதுமடம் ஹமீது என்று தெரியும். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தது உண்மை. பார்த்ததற்கு அர்த்தம் வேறு.

சிங்கப்பூர்க் கம்பெனிக்காக நான் இங்கே கணவாய்க் கருவாடு வாங்குகிறேன் அல்லவா? கருவாடு விற்கும் பாக் முதலாளி, விலை பேசுமுன் விருந்துக்குக் கூப்பிடுவார். போகாவிட்டால் கருவாடு இல்லை. விதவையான அவர் தங்கை நடத்தும் சாப்பாட்டுக் கடையில்தான் விருந்து. மற்றவர்கள் சாராயம் குடிப்பார்கள். எனக்குப் பார்லியை வறுத்துப் போட்ட வெந்நீர். இரண்டும் ஒரே மாதிரிக் கெண்டியில் வரும், ஹமீது கண்டது அதைத்தான். விருந்தில் மிச்சம் வைக்கக் கூடாது என்று தாங்கள் வளர்த்த பிள்ளையாயிற்றே, கோப்பையைக் காலி செய்தேன். இங்கே காலிக் கோப்பை என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தமாம். ஊற்றினார்கள், குடித்தேன், ஊற்றினார்கள், குடித்தேன், பத்தொன்பது கோப்பை. நான் தள்ளாடியது போதையில் இல்லை, கொல்லைப்புறம் எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

விடியும்வரை அங்கேயே இருந்தது ஏன் என்பீர்கள். இரவு பன்னிரண்டுக்குச் சங்கு ஊதினால் தெருவில் யாரும் நடமாடக் கூடாது, இது சர்க்கார் உத்தரவு. காலை நாலு மணிவரை அடைபட்ட ஆட்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு பாட்டுப் பாட வேண்டும். எனக்கு முழுசாகத் தெரிந்தது மாப்பிள்ளை ஊர்வலத்தில் பாடுகிற பைத்துதான். பாடினேன். எல்லோரும் கைதட்டினார்கள், முதலாளி அழுதேவிட்டார்.

நாலு மணிச் சங்கு ஊதித் தெரு திறந்ததும், சந்தைக்குக் கிளம்பிய ஹமீது பாட்டுச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக உள்ளே தலையை நீட்டி, "ஏலே சதக்கு, இங்கன என்னடா பண்ணுறே?" என்றார்.

"மீன் திங்கிறேன் காக்கா."

"யாரு இந்தப் பொம்பள?"

"கடைக்காரம்மா!"

நம்பாமல் போய்விட்டார். நடந்தது இதுதான். பெரிய தட்டில் மீனை வைத்துச் சுற்றி உட்கார்ந்ததும், நம் ஊரில் நாலு பேர் ஒரே தட்டில் கைபோட்டுத் தின்கிற சகனில் உட்கார்ந்த நினைப்பு வந்துவிட்டது. சகனில் நல்ல துண்டைத் தான் தின்னாமல் அடுத்தவர் பக்கம் தள்ளுவதுதானே மரியாதை? பக்கத்தில் அந்த அம்மா இருந்தார், முள்ளை எடுத்துவிட்டு அவர் சோற்றின் மேல் வைத்தேன். எல்லோரும் சாப்பிடுகிற குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குச் செய்கிற வேலையாம் அது! முதலாளி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் கையை உருவிக்கொண்டேன். உடனே எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, எனக்கு ஊரில் மாமன் மகள் மஜீதா இருக்கிறாள், பேசி முடித்தாயிற்று, உயிரே போனாலும் வாக்கு மாற மாட்டேன் என்று எல்லோர் முன்பும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. இப்போதாவது என்னை நம்புங்கள். அடுத்த கப்பலில் வருகிறேன், கல்யாணத்துக்கு நாள் பாருங்கள்.

மாமிக்கு என் ஸலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் தங்கள் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டுவானாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகன்
சதக்கத்துல்லா

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது பாக் முதலாளி, இங்கிலீஷ் தெரிந்த துறைமுகக் குமாஸ்தாவோடு வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரியப் பேச்சை விட்டு, அன்றைக்கு நான் பேசியது முழுக்கத் தமிழில். அந்த அவசரத்தில் எனக்கே அது தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்து நான் அவர் தங்கையைப் பெண் கேட்டதாகத்தான் கடையில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராமல், மாமாவைக் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். பெரியவர்களை மதிக்கிற பிள்ளை என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம். தங்களிடம் முறைப்படி சம்மதம் கேட்க அவரும் தங்கையும் உறவினர் பதினொரு பேரும் என்னோடு அதே கப்பலில் வருகிறார்கள், டிக்கெட் எடுத்தாயிற்று. மஜீதாவைப் பற்றி அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தாங்கள் பெரியவர்கள், பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.