சுபேதார் வேனில் சுவர்ப் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்று இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ‘அ’ என்றால் அம்மா இல்லை, அஞ்சலி. ஒரு தலைமுறையையே இப்படிக் கெடுத்து, அதே சூட்டோடு படிக்கவும் வைத்த ஒரே மனிதர் எங்கள் வேன் டிரைவர் சுபேதார்தான்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வ. புதுப்பட்டிக்காரர். பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆகி வந்தவர். துப்பாக்கி பிடித்தீர்களா என்று கேட்டால், “கரண்டி பிடிச்சேன் சார்” என்பார். அங்கே அவர் சமையல்காரர். அரசாங்கம் கொடுக்காத பதவியை மீசையைப் பார்த்து ஊர் கொடுத்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை.

எங்கள் ஊர் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு குட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார். சட்டை பட்டனை அவரவரே போட்டால்தான் வேன் நகரும். அம்மாமார் போட்டுவிட வந்தால் குறுக்கே கையை நீட்டுவார். “நீங்க போட்டா ஒங்க வெரல்தான் பழகும். போய் அடுப்பப் பாருங்க.” ஒரு பட்டனுக்காக ஏழு நிமிஷம் வேன் தெருவில் நின்று நான் பார்த்திருக்கிறேன்.

வேன் கிளம்பியதும் ஆளுக்கு ஒரு கை அவித்த கடலை கிடைக்கும். உரித்து, பக்கத்துப் பிள்ளையின் டப்பாவில் போட வேண்டும். ஆடுகிற வேனில் குறி தப்பினால் கீழே குனிந்து பொறுக்க வேண்டும். இங்கிலீஷ் மீடியத்துக்குப் பணம் கட்டிவிட்டு, மாலையில் யூனிபார்ம் பாக்கெட்டில் கடலைத் தோலை அள்ளிய பெற்றோர் கொதித்துப்போனார்கள். நானும் கொதித்தேன். ஆனால் எனக்குக் கொதிக்க வேறு காரணமும் இருந்தது.

என் மகள் கயல் அப்போது எல்.கே.ஜி. பந்து வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பென்சில் கையில் நிற்காது. எழுத்தைக் காட்டினால் கூரையைப் பார்ப்பாள். ‘கண்ணும் கையும் ஒத்துழைக்கவில்லை, மார்ச்சில் டெஸ்ட் வைப்போம், தேறாவிட்டால் இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.தான்’ என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் மேலே போக, இவள் மட்டும் அதே குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

உடனே வீட்டில் பயிற்சி முகாம் தொடங்கினோம். நான் பந்து போடுவேன். மனைவி “பிடி, பிடி” என்பாள். மாடி வீட்டுக்காரரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு “பிடி பாப்பா” என்பார். பந்து கயலின் நெற்றியில் பட்டுத் திரும்பி வரும்.

ஒருநாள் காலையில் இதைப் பார்த்துவிட்டு சுபேதார் வாசலில் நின்றார்.

“சார், செத்த நேரம் வாய மூடிட்டு இருக்கியளா? பந்து வாரது அவளுக்குத் தெரியும். நீங்க போடுத சத்தத்துக்குத்தான் கண்ண மூடுதா.”

எனக்குச் சுருக்கென்றது. சப்பாத்தி சுட்டவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அதையும் சத்தமாகத்தான் செய்தேன்.

அடுத்து அவர் படிப்பில் கைவைத்தார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் பக்கத்துச் சுவர்தான் பாடப்புத்தகம். “பொஸ்தகத்துல எழுத்து கொசு மாதிரி இருக்கு சார். செவுத்துல அம்புட்டுப் பெருசா எழுதி வச்சிருக்கான், அதப் படிச்சா ஆகாதா?” என்றார். சுவரில் என்ன எழுதியிருந்தது என்பது என் மனைவியின் பெரியப்பா வீட்டுக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கயல் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “தாத்தா, ஒங்களுக்கு மூலம் பவுத்திரம் இருக்கா?” என்றாள். அவருக்கு இருந்தது என்பதுதான் சங்கடம். யார் சொல்லிக்கொடுத்தது என்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி குடிக்காமலே பஸ் ஏறினார்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று நடந்தது. தெருமுனையில் ஓர் அரசியல் பிரமுகருக்குப் பிறந்தநாள் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பெரிய போட்டோ, பெரிய எழுத்து. ரயில்வே கேட் சுவரில் அப்படி ஒட்டியிருப்பதெல்லாம் செத்தவர்களுக்கான போஸ்டர்தான். கயல் வேனிலிருந்து எட்டிப் பார்த்து, “கண்ணீர் அஞ்சலி” என்று உரக்கப் படித்தாள். பிளெக்ஸுக்குக் கீழே புது வேட்டியோடு அந்தப் பிரமுகரே நின்றிருந்தார்.

சுபேதார் இறங்கிப் போய் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். “சின்னப் பிள்ள, தப்பா எடுத்துக்கிடாதீய” என்றார். பிறகு கயலைத் தூக்கிக்கொண்டு பிளெக்ஸுக்குப் பக்கத்தில் போனார்.

“படத்தப் பாத்துச் சொல்லாத தாயி. எழுத்தத் தொட்டுப் பாரு.”

அவள் விரலை வைத்து, பி, ற, ந், த என்று ஒவ்வொன்றாக நகர்ந்தாள். ‘வாழ்த்து’ வரை போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. பிரமுகர் நகரவில்லை. தன் சாவு ரத்தாகும்வரை நின்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அன்று பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளியில் லேட் மார்க். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டோம்.

டெஸ்ட் நாள் வந்தது. நானும் வேனிலேயே போனேன். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நான் நிற்க, வண்டியைப் பூட்டிவிட்டு சுபேதாரும் வந்து நின்றார். உள்ளே மிஸ் பந்தைப் போட்டார். கயல் கண்ணை மூடினாள். பந்து தரையில் உருண்டது.

என்னையறியாமல் வாய் திறந்தது. ‘பிடி’ என்பதில் பாதிகூட வெளியே வரவில்லை. சுபேதாரின் உள்ளங்கை என் வாயைப் பொத்திவிட்டது.

கயல் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து மிஸ் கையில் கொடுத்தாள். “இன்னொரு மட்டம் போடுங்க மிஸ். மெதுவா” என்றாள்.

மிஸ் போட்டார். அவள் கண் திறந்தே இருந்தது. இரண்டு கையாலும் வாங்கி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மிஸ் மாடு படம் போட்ட அட்டையைக் காட்டினார். கயல் மாட்டைப் பார்க்கவே இல்லை. கீழே இருந்த எழுத்தில் விரலை வைத்து, “ப, சு. பசு” என்றாள். மிஸ் சிரித்துக்கொண்டே பேப்பரில் டிக் போட்டார்.

என் கண்ணீர் தன் விரலில் வழிந்த பிறகுதான் சுபேதார் கையை எடுத்தார். ஈரத்தை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, “வாரேன் சார், டீ குடிக்கணும்” என்று நடையைக் கட்டினார்.

இன்றுவரை அவரிடம் நான் நன்றி சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் டயரில் காற்று பார்க்கப் போய்விடுகிறார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். என் மகள் விஷயத்தில் பொறுமையாக இருந்த முதல் ஆள் அவர்தான். நான் இரண்டாவது ஆள், அதுவும் அவர் என் வாயைப் பொத்தியதால்.