கொன்றது யார் என்று கேட்கும் டோர்கெய்ர்

செத்ததை எடுக்க விடாமல், "கொன்றது யார்?" என்று வாசலை மறித்து நிற்கும் ஒரு ரக மனிதர் உண்டு. எங்கள் படகுத்துறை அலுவலகத்தில் அந்த ரகத்துக்கு டோர்கெய்ர் என்று பெயர்.

மலைகளுக்கு நடுவே நுழைந்த கடற்கழியான ஃபியோர்டைப் படகில் கடக்கும் கார்களுக்கு டிக்கெட் தரும் புரோகிராம் ஒருநாள் பொசுக்கென்று நின்றது. எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குச் சிக்னல் அனுப்பலாம். "செத்துப்போ" என்று வந்தால் மறுபேச்சில்லாமல் சாக வேண்டியதுதான். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். உடன் வேலை பார்க்கும் சுன்னிவா அதை மறுபடி ஓடவிட்டாள். நீங்களும் நானும் காபி குடிக்கப் போயிருப்போம். டோர்கெய்ர் போவாரா?

"அதான் ஓடுதில்ல, விடேன்பா" என்றாள் சுன்னிவா.

"ஓடுது. கொன்னவன் வெளியதான திரியுறான்?"

டிக்கெட் புரோகிராமை அடிக்கு அடி நிறுத்தி, "என்ன வந்தது, யார் அனுப்பியது?" என்று குறித்துக்கொள்ளும் ஒற்றன் புரோகிராம் ஒன்றை அதன் தலைமேல் ஏற்றி, பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி காய்ந்து வளைவதையும் பாராமல், கண்ணில் பட்ட புரோகிராமையெல்லாம் சந்தேகித்து, கடைசியில் சுன்னிவாவையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றிலிருந்து டிக்கெட் புரோகிராம் தினமும் செத்தது.

"பாத்தியா? நான் சொல்லல?" அவருக்கு ஒரே சந்தோஷம்!

வெள்ளிக்கிழமை மலைவீடுகளுக்குக் கிளம்பியவர்களின் கார்கள், கூரைமேல் பனிச்சறுக்குக் கட்டைகளோடு, டிக்கெட் கிடைக்காமல் துறையிலிருந்து தேவாலயம் வரை வரிசையாக நின்றன. நடுவில் ஒரு சவ வண்டி. அந்த வரிசையில் பொறுமையாக இருந்தவர் அதற்குள் படுத்திருந்தவர் மட்டும்தான். படகின் கேப்டன் ஒட்வார் போனில் கத்தினார்:

"யோவ், அக்கரையில பாதிரியார் குழிப் பக்கத்துல குளிர்ல நடுங்கிட்டிருக்காரு! டிக்கெட் வருமா வராதா?"

"யாரும் கை வைக்காதீங்க! தடயம் அழிஞ்சிடும்!" என்றார் டோர்கெய்ர், திரையை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு.

சுன்னிவா அவர் கையை விலக்கி, ஒற்றன் எழுதியிருந்த குறிப்பைப் படித்தாள். தினமும் அந்தச் சிக்னலை அனுப்பியது எங்கள் காவல் புரோகிராமேதான். "உயிரோடு இருக்கிறாயா?" என்று அது அடிக்கடி கேட்கும், சீக்கிரம் பதில் வராவிட்டால் கதையை முடித்துவிடும். டிக்கெட் புரோகிராம் எப்படிப் பதில் சொல்லும்? அதைத்தான் ஒற்றன் அடிக்கு அடி நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தானே!

"மொத நாள் யாருன்னு தெரியாது. அப்புறம் தினமும் கொன்னது நீதான்யா."

ஒற்றனை விலக்கி, டிக்கெட் புரோகிராமை ஓடவிட்டாள். டிக்கெட் வந்தது. படகு கிளம்பியது. டோர்கெய்ரின் காதுகள் சிவந்தன. ஆறிப்போன காபியை மடக்கென்று குடித்தார். பாவம், திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

"அப்ப மொத நாள் யாரு?" என்றார்.

சிரிக்கிறீர்களா? தூங்கும் பிள்ளையை உலுக்கி, "தூங்கிட்டியா?" என்று கேட்கிறவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அது யார் என்று மட்டும் விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.