பதின்மூன்றாம் நம்பர் கிணறு

முப்பத்தைந்து வருடம் படிப்பித்தவள் நான். முழு வெற்றி என்று மார்தட்டிச் சொல்லக்கூடிய பாடம் அதில் ஒன்றே ஒன்றுதான். அந்த வெற்றியால் என் கல்யாணம் குழம்பப் பார்த்தது. தோல்வியில் முடிந்த மற்றப் பாடங்களால் எனக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்பதையும் நன்றியோடு சொல்லிவைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். புதிய கல்வித் திட்டம் வந்த நேரம். ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடத்தை முடித்துக்கொண்டு, சொந்த ஊரான புங்குடுதீவிலேயே நியமனம் பெற்று வந்திருந்தேன். வயது இருபத்து மூன்று. தலைக்கனம் அதைவிட இரண்டு மடங்கு. கலாசாலையில் எங்களுக்கு ஓதப்பட்ட மந்திரம் இதுதான்: பிள்ளை தானே தேட வேண்டும், தானே கண்டுபிடிக்க வேண்டும், தானே எடுத்துச் சொல்ல வேண்டும். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். (வாயை மூடிக்கொண்டு நிற்கிறதுக்கும் அரசாங்கம் சம்பளம் தருகுதோ என்று ஐயா, என் தகப்பன், கேட்டார். அவருக்குப் புதிய கல்வி விளங்காது என்று விட்டுவிட்டேன்.)

போன முதல் நாளே பிள்ளைகள் இருக்கும் வாங்குகளை இழுத்து வட்டமாகப் போட்டேன். பிரம்பை அலுமாரிக்குப் பின்னால் தள்ளினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

"நான் சொல்லுறதைக்கூட நம்பாதேங்கோ. எதையும் சோதிச்சுப் பாத்துத்தான் நம்போணும்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பக்கத்து வகுப்பிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "ரீச்சர், உதென்ன, வகுப்போ சந்தையோ?"

"பிள்ளையள் சிந்திக்கினம் சேர்" என்றேன்.

"சிந்திக்கட்டும். கொஞ்சம் மெதுவாச் சிந்திக்கச் சொல்லும்."

நான் கொடுத்த முதல் செயற்றிட்டம் 'எங்கள் ஊர்க் கிணறுகள்'. தீவுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு கிணறு தேன்போல இருக்கும், ஐம்பது அடி தள்ளி வெட்டிய அடுத்த கிணறு உப்புக் கரிக்கும். மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள். எந்தக் கிணறு நல்லது, எந்த மாதத்தில் கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

பிள்ளைகள் பேய்வேகத்தில் இறங்கினார்கள். சோதனைகளையும் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். போத்தலில் தண்ணீரும் சவர்க்காரத் துண்டும் போட்டு, எத்தனை குலுக்கலில் நுரைக்கிறது என்று எண்ணினார்கள். பால்ரின் மூடிகளில் ஒரே அளவு தண்ணீர் விட்டு வெயிலில் காயவைத்து, எதில் அதிகம் வெள்ளை படிகிறது என்று பார்த்தார்கள். ஐந்து பேரின் கண்ணைக் கட்டிக் குடிக்கக் கொடுத்து அவர்களின் முகச்சுளிப்பைக் குறித்துக்கொண்டார்கள். குழுத் தலைவி செல்வராணி. எதையும் இரண்டு தரம் கேட்டு எழுதுகிற பெண். அளவெடுக்கிற பொறுப்பு யோகனுக்கு. அவன் எங்கே போனாலும் ஒரு கயிற்றோடுதான் போவான்.

கிணறுகளின் பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு கிணறுகள். எங்கள் வீட்டுக் கிணறு அதில் இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த நேரம் காரைநகரில் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தென்பகுதியில் கிளாக்கர். அவரின் படத்தைக் கல்வி உளவியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தை அந்தக் காலத்தில் நான் புரட்டிய அளவுக்குக் கலாசாலையில் இருந்தபோதுகூடப் புரட்டியதில்லை. மறைப்பானேன், எனக்கு அவரை நன்றாகப் பிடித்திருந்தது.

சீதனமாக எழுத இருந்தது நாங்கள் இருந்த வீடும் வளவும் கிணறும். கிணறு மாரியில் பரவாயில்லை. ஆனி பிறந்தால் ஆடுகூட யோசித்துத்தான் குடிக்கும். மாப்பிள்ளையின் தகப்பன் வளவு பார்க்க வந்தது அந்த ஆனி மாதத்தில். அன்று விடியவே நான் குடத்தோடு கோயில் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். ஐயா அதைச் செம்பில் வார்த்துக் கொடுத்தார். வந்தவர் குடித்துவிட்டு, "சோக்கான தண்ணி" என்றார். ஐயா பொய் சொல்லவில்லை. தண்ணீர் எப்படி என்பதைத்தான் வந்தவர் பார்த்தார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்கவில்லை. (கேள்வி கேட்கும் திறனை அவருக்கு யாரும் வளர்த்துவிடவில்லை.)

இத்தனைக்கும் ஊரிலேயே நல்ல கிணறு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், சித்தப்பாவின் வளவில் இருந்தது. ஐயாவும் அவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. வேலியில் நின்ற ஒரு பனை யாருக்கு என்பதில் வந்த சண்டை. அதனால் நான் பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டுக் கால் மைல் தூரம் குடம் சுமந்தேன். பகலில் பிள்ளைகளுக்கு உண்மையைத் தேடப் படிப்பிப்பேன், விடியற்காலையில் உண்மையைக் குடத்துக்குள் ஒளித்துக்கொண்டு வருவேன். இதில் ஏதோ இடிக்கிறது என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதில்லை.

புரட்டாதியில் செயற்றிட்டத்தைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடானது. மழைக்கு முந்திய மாதம், கிணறுகள் தங்கள் மிகக் கேவலமான குணத்தைக் காட்டுகிற மாதம். வட்டாரக் கல்வி அதிகாரி வருவதாக அறிவித்திருந்தார். கண்காட்சிக்கு முதல் நாள் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, நாளைக்கு மாப்பிள்ளையின்ர தாய் பள்ளிக்கூடத்துக்கு வருவா. உன்னைப் பாக்க எண்டில்லை. தற்செயலாக் கண்காட்சி பாக்க வாற மாதிரி வருவா. நீயும் ஒண்டும் தெரியாத மாதிரி நில்."

காரைநகரில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து, அங்கே எங்கள் தீவுக்கு வரும் குறிகட்டுவான் பஸ் பிடித்து, அரை நாள் பயணம் செய்து எட்டாம் வகுப்பின் கண்காட்சியைத் தற்செயலாகப் பார்க்க வருகிற அம்மா. நானும் தற்செயலாகப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அவர் வந்தார். கையில் குடை, காதில் வைரத்தோடு, எதையும் எளிதில் நம்பாத கண். தலைமையாசிரியர் கதிரை போட்டார். பக்கத்தில் அதிகாரி கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். பின்வரிசையில் ஐயா, புது வேட்டியில்.

வாங்கின் மேல் வரிசையாகக் கண்ணாடிக் கிளாசுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நம்பர். நான் சும்மா எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று இருந்தன. திரும்பவும் எண்ணினேன். அதே பதின்மூன்று.

செல்வராணி என் காதருகே வந்து, "ரீச்சர், உங்களுக்கு ஒரு புதினம் வைச்சிருக்கிறம்" என்றாள். அவளின் முகம் முழுக்கச் சந்தோஷம். நான் மூன்றாம் தரம் எண்ணினேன்.

அவள் முன்னால் போய்க் கைகட்டி நின்றாள்.

"எங்கட ரீச்சர் பன்னிரண்டு கிணறுதான் எழுதித் தந்தவ. நாங்கள் ஊர்ப் படம் கீறிப் பாக்கேக்க ஒரு கிணறு விடுபட்டுப் போனதைக் கண்டுபிடிச்சம். ரீச்சர் சொன்னாலும் நம்பாமச் சோதிக்கச் சொல்லி ரீச்சரே சொன்னவ. அதால அந்தக் கிணத்தையும் சோதிச்சம்."

"பலே!" என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே.

"பதின்மூண்டு கிணத்துக்கையும் அதுக்குத்தான் கடைசி இடம். மற்றக் கிணத்துத் தண்ணியெல்லாம் முப்பது குலுக்கலுக்குள்ள நுரைச்சது. இது நூறு குலுக்கியும் நுரைக்கேல்லை. யோகனுக்குக் கை நொந்துபோச்சு."

யோகன் கையைத் தூக்கிக் காட்டினான்.

நான் வாயைத் திறந்தேன். "செல்வராணி, அது வந்து…"

அதிகாரி பேனையை உயர்த்தினார். "ரீச்சர், நீங்கள் கதையாதேங்கோ. பிள்ளையள் சொல்லட்டும். உதுதானே புது முறை?"

அதுதான் புது முறை. நான் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"நம்பாதவை குடிச்சுப் பாக்கலாம்" என்று செல்வராணி பதின்மூன்றாம் நம்பர் கிளாசை எடுத்து, முன்வரிசையில் யார் நம்பாத முகத்தோடு இருக்கிறார் என்று பார்த்து, சரியான ஆளிடமே நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு வாய் குடித்தார். காரைநகரில் பிறந்தவருக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவரின் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

"இந்தக் கிணறு ஆற்ற, பிள்ளை?"

"எங்கட ரீச்சற்ற!" என்றது வகுப்பு முழுவதும், ஒரே குரலில், பெருமையோடு.

பின்வரிசையில் ஐயாவின் கதிரை கிரீச்சிட்டது.

"அப்ப அவை குடிக்கிறதுக்கு என்ன செய்யினம்?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

யோகன் கொப்பியைப் புரட்டினான். "அதையும் அவதானிச்சனாங்கள். ரீச்சர் விடியப்புறம் கோயில் கிணத்தில அள்ளிக்கொண்டு போறவ. ஆக்கள் வாற நாளில ரெண்டு குடம்."

"முதல் இடம் எடுத்த முதலாம் நம்பர் கிணறு?"

"அது ரீச்சற்ற சித்தப்பான்ர. ரெண்டு கிணத்துக்கும் இடையில அம்பத்தாறு அடி. கயிறு பிடிச்சு அளந்தனான். நடுவில வேலி."

"பக்கத்தில வைச்சுக்கொண்டு ஏன் கோயிலடிக்குப் போறா?"

"ரீச்சற்ற ஐயாவும் சித்தப்பாவும் ஆறு வருசமாக் கதைக்கிறேல்லை. ஒரு பனையால. ரெண்டு பேரையும் தனித்தனியாப் போய் விசாரிச்சனாங்கள். ரெண்டு பேரும் தங்கட பனை எண்டுதான் சொல்லினம்."

"காரணத்தையும் தேடியிருக்கினம்! இரண்டு பக்கமும் விசாரிச்சிருக்கினம்!" என்று அதிகாரி உருகிப்போனார். அந்த மண்டபத்தில் அன்று சந்தோஷமாக இருந்த ஒரே பெரிய மனிதர் அவர்தான். பிறகு இரண்டு வருடம் என்னைத் தீவுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போய் இதைப் பற்றிப் பேசவைத்தார். எங்கே போனாலும் பின்வரிசை வாங்கில் யாராவது சிரிப்பார்கள்.

மாப்பிள்ளையின் தாய் எழுந்து போய், சுவரில் பிள்ளைகள் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டுச்சேலை வீண்.

அன்று பின்னேரம் ஐயா புது வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்: "உந்தப் பிள்ளையளுக்கு எழுத வாசிக்கப் படிப்பிச்சாக் காணாதே?" நான் குசினிக்குள் போய்க் கல்வி உளவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் செல்வராணி, "ரீச்சர், புதினம் பிடிச்சதோ?" என்று கேட்டாள். பிடித்தது என்றேன். அவள் என்னை இரண்டாம் தரம் ஒரு மாதிரிப் பார்த்தாள். என்ன இருந்தாலும் நான் பயிற்றிய பிள்ளை.

எட்டாம் நாள் காரைநகரிலிருந்து கடிதம் வந்தது. மூன்றே வரி. பதின்மூன்றாம் நம்பர் கிணறு கால் கழுவ உதவும். முதலாம் நம்பர் கிணற்றில் பங்கும் போய்வர வழியும் காணி உறுதியில் எழுதித் தந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லாவிட்டால் வேண்டாம். நம்பர்களை மாப்பிள்ளையின் தாய் அப்படியே மனதில் கொண்டுபோயிருந்தார். அந்தக் கண்காட்சியால் உண்மையில் பயன் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஐயா இரண்டு நாள் வேலியோரமாக மேலும் கீழும் நடந்தார். மூன்றாம் நாள் சால்வையைப் போட்டுக்கொண்டு, அந்நியர் வீட்டுக்குப் போகிறவர் மாதிரி ரோட்டால் சுற்றிச் சித்தப்பா வீட்டுக்குப் போனார். நான் வேலிக்குப் பின்னால் ஒளித்து நின்றேன்.

"தம்பி" என்றார் ஐயா.

"கிணத்துப் பங்குக்குத்தானே அண்ணை வந்தனீங்கள்?" இது சித்தப்பா.

"ஓம்."

"அது எங்கட ஐயா வெட்டின கிணறு. உங்களுக்கு எப்பவும் அதில பங்கு இருந்தது. நீங்கள்தான் அள்ள வரேல்லை." பிறகு, "உந்தப் பிள்ளை குடத்தோட போறதை நெடுகப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கூப்பிட வாய் வரேல்லை" என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் விம்மியது அவர்களுக்குக் கேட்டிருக்கும். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். பனையைப் பற்றி அன்று இருவரும் கதைக்கவில்லை. என் கல்யாண வீட்டில்தான் கதைத்தார்கள், ஊர் முழுக்கக் கேட்க.

மாப்பிள்ளையின் தாய் எனக்கு மாமியாகி, கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தினையாம் நம்பர்?" என்று கேட்டுத்தான் குடிப்பார். அது மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டு வேறு விஷயங்களுக்குப் பரவியது. கந்தோரில் வேலை கூடிப் போச்சு என்று என் கணவர் பிந்தி வந்தால் நான் கேட்பேன். மீன் இன்றைக்குப் பிடித்தது என்று நான் சொன்னால் இவர் கேட்பார்.

மகள் இப்போது வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "நாங்கள் நல்லாயிருக்கிறம் அம்மா" என்பாள். குரல் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சி இனித்தால், "எத்தினையாம் நம்பர், பிள்ளை?" என்று கேட்பேன். சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

"பதின்மூண்டு அம்மா."

அதற்குப் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வரும். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கலாசாலையில் படித்தது அதுதானே.