மூன்றாவது மூச்சுக்குள் கிளம்பிப்போன உங்கள் தங்கை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும், குறிப்பாகச் சில வாரங்களாக உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன்.

போனில் சொல்ல வேண்டியதை இவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பழக்கதோஷத்தில் நடுவில் மூச்சு விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கடிதத்தில் எவ்வளவு மூச்சு விட்டாலும் படிப்பவருக்குத் தெரியாது.

எல்லாம் எங்கள் பல்கலைக்கழகம் செய்த வேலை. தியான முறைகளை வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று முடிவுசெய்து, ஒரு பயிற்சியாளர் அம்மையாரை வரவழைத்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எங்களை உட்காரவைத்தார். "யார் எது கேட்டாலும் உடனே பதில் சொல்லாதீங்க. நிதானமா மூணு மூச்சு விட்டுட்டு அப்புறம் பேசுங்க. வாழ்க்கையே மாறிடும்," என்றார். மாறிவிட்டது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். கேள்வி பாதி வாயில் இருக்கும்போதே பதிலை நீட்டுகிறவன். "என்னைக்காவது என்னை ஒரு வார்த்தை முழுசா பேச விட்டிருக்கீங்களா?" என்று உங்கள் தங்கை கேட்க வருவாள், அதையும் பாதியில் வெட்டி "எத்தனையோ தடவை" என்பேன். அவளுக்காகத்தான் அந்தப் பயிற்சியை விழுந்து விழுந்து செய்தேன்.

மறுநாளே வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், நாளைக்கு டெஸ்ட் இருக்கா?" என்று கேட்டாள், நான் கண்ணை மூடி முதல் மூச்சை விட்டேன், அதைப் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டு டெஸ்ட் இல்லை என்று அவர்களே முடிவுகட்டி மறுநாள் ஒருவரும் வரவில்லை, போகட்டும் என்று துறைக் கூட்டத்துக்குப் போனால், "காலை ஏழு மணி வகுப்பை நீங்க எடுத்துக்கறதுல ஆட்சேபம் இல்லையே?" என்று துறைத்தலைவர் கேட்டுவிட்டு, நான் இரண்டாவது மூச்சில் இருக்கும்போதே "ரொம்ப நன்றி" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று வருஷக்கணக்காக ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவன் நான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வு இன்னும் மோசம். ஓர் ஆய்வு மாணவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு வழக்கம்போல் மூச்சு விட்டேன். முதல் மூச்சில் அவருக்கு வியர்த்தது, இரண்டாவதில் தண்ணீர் குடித்தார், மூன்றாவதில், "தெரிஞ்சிடுச்சா சார்? அந்த ஒரு அத்தியாயம் மட்டும்தான் சார் காப்பி," என்று அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை; பதில் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் இருந்தேன். தியானத்தால் ஆய்வில் நேர்மை வளர்கிறது என்று பல்கலைக்கழகம் மகிழ்ந்துபோய் என்னையே இந்தத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது. மறுத்தேன், மூன்று மூச்சுக்குப் பிறகு. அதற்குள் அறையில் யாரும் இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டே, "அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். நான் கொஞ்ச நாள் அங்க போய் இருந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டாள். முதல் தடவையாக அவளைக் கடைசி வரை பேச விட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. ரொம்பக் கஷ்டமாக இருக்கும், போகாதே என்பதுதான் பதில். அதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று மூச்சை இழுத்தேன். "இதுக்குக்கூட யோசிக்கணுமா?" என்றாள். இரண்டாவது மூச்சில் மடித்த துணியெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. மூன்றாவதை விட்டு முடித்துப் பதில் சொன்னபோது, அதைக் கேட்கச் சாத்திய கதவுதான் இருந்தது.

மச்சான், அந்தப் பழக்கத்தை இப்போது அடியோடு தலைமுழுகிவிட்டேன். பயிற்சியாளரிடமே முறையிடப் போனேன். பேச்சின் நடுவில் அவருடைய போன் அடித்தது, முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். நானும் பழையபடி பட்டுப்பட்டென்று பதில் சொல்கிறேன். நேற்று துறைத்தலைவர் வாயைத் திறந்ததுமே "முடியாது சார்" என்றேன். அந்த ஏழு மணி வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்க வந்தாராம். அது கிடக்கட்டும். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆள் திருந்திவிட்டான், இனி எதைக் கேட்டாலும் அந்த நிமிஷமே பதில் வரும் என்று சொல்லி எப்படியாவது அனுப்பிவையுங்கள்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும், உங்கள் தங்கைக்கு இரண்டில் எது செல்லுபடியாகுமோ அதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உடனுக்குடன் பதில் சொல்லும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவளே போன் செய்தாள். "நான் இன்னும் ஒரு மாசம் இங்கயே இருந்துடலாம்னு நெனச்சேன், ஆனா..." என்றாள். அந்த "ஆனா" என் காதில் விழுவதற்குள் என் வாய், "தாராளமா இரு," என்று சொல்லி முடித்திருந்தது. போனை வைத்துவிட்டாள். மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். "ஆனா"வுக்கு அப்புறம் என்ன என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு நடுவில் எதுவும் பேசிவிடாதீர்கள், மச்சான். மூன்று மூச்சு விட்டுப் பாருங்கள்.