மாமாவின் காருக்கு நான் சொன்ன தீர்ப்பு

ஒரு விஷயத்தை இரண்டு மாதம் மட்டும் படித்தவரைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. அந்த ஆபத்தாக நானே ஒருமுறை மத்தூர்ப் பக்கம் போய் வந்திருக்கிறேன்.

அப்போது நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மத்திகிரியில் வாடகை அறை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் பழைய அமெரிக்க மசில் கார்களைப் பற்றிய வீடியோக்கள்தான். (மசில் கார் என்றால், சின்ன உடம்புக்குள் எட்டு சிலிண்டர் இன்ஜினைத் திணித்த வண்டி. பெட்ரோலைக் குடிக்காது, அதில் குளிக்கும்.) அதற்கு மதிப்பு வர ஒரே வழி, அடிச்சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒத்துப்போவது. அதாவது, பிறக்கும்போது பூட்டிய இன்ஜினே இன்றும் இருக்க வேண்டும்.

மத்தூரில் என் அக்காவின் மாமனார் வீட்டு மாங்காய் ஷெட்டில் அப்படியொரு கார் இருந்தது. அவருடைய அப்பா பெங்களூரில் ஒரு பணக்காரரிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி வெளிநாட்டுக்குக் குடிபோனபோது காரை அவருக்கே கொடுத்துவிட்டார். "எங்கப்பா ஒரு போல்ட்டு கூட மாத்தலம்மா" என்பார் மாமா. ஊரில் யாரும் நம்பவில்லை. "அது டிராக்டர் இன்ஜின்" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

பெங்களூரில் பழைய கார் கண்காட்சி நடத்தும் ஒருவர் பார்க்க வந்தார். ஒரிஜினல் என்றால்தான் சேர்ப்பார்களாம்.

"எங்க மருமவளோட தங்கச்சி, ஃபேக்டரியில இன்ஸ்பெக்டரு. அதுவே பாத்துச் சொல்லட்டும்" என்றார் மாமா பெருமையாக.

நான் கையுறை, டார்ச், பூதக்கண்ணாடி சகிதம் இறங்கினேன். (ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கூட அவ்வளவு பந்தா செய்யமாட்டார்.) சேசிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கம் 108869. காரின் இடப்பக்கம் நின்று, குனிந்து, கிரீஸைத் துடைத்து இன்ஜினில் படித்தேன். 698801.

"மன்னிச்சுக்குங்க மாமா, இன்ஜின் மாத்தியிருக்காங்க" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் உரையாற்றினேன்.

பெங்களூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரிஜினல் இல்லாந்த்ரெ கஷ்ட சார்" என்று, ஒரிஜினல் இல்லையென்றால் கஷ்டம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

மாமா காரை மூடிவைக்கும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வந்து ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் அப்பாவே தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார் போல. அக்கா என் காதருகில் வந்தாள்.

"நீ பஸ் ஏறி ஓசூர் போயிடுவ. நான் இந்த வீட்லதான்டி இருக்கணும். கல்யாணமாகி மூணு மாசம்கூட ஆவல!"

எனக்கு அழுகை வந்தது. அத்தை, அதாவது அக்காவின் மாமியார், எனக்கு மோர் கொண்டுவந்தார். இடப்பக்கத்தை நான் அடைத்துக்கொண்டு நின்றதால் அவர் காரின் வலப்பக்கமாக வந்து இன்ஜினை எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, சேசிஸ் நெம்பரு இன்னான்னு சொன்ன?"

"ஒன்னு, சைபர், எட்டு, எட்டு, ஆறு, ஒம்பது."

"அதேதானே இங்கயும் போட்டிருக்குது?"

நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். 108869. இவ்வளவு நேரமும் எதிர்ப்பக்கம் நின்று எண்ணைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்! தொழிற்சாலையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பிடிக்கிற கண் இது.

பெங்களூர்க்காரருக்கு நானே போன் செய்தேன். அவர் அதற்குள் போகிற வழியில் குருபரப்பள்ளியில் மாம்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. பெரிய மனிதர், திரும்பி வந்தார். வந்து, தானே படித்தார். எண்ணைப் படமெடுத்து, பழைய தயாரிப்புப் பதிவேடுகளை வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுச் சங்கத்துக்கு அனுப்பினார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அந்த நிறத்தில், அந்த இன்ஜினோடு செய்தது மிகச் சில கார்கள்தானாம். அதில் ஒன்று மத்தூரில் மாங்காய்க் கூடைகளோடு நிற்கிறது! மாமா அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து, முதலில் டீக்கடையில் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கண்காட்சியில் காருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நாள் முழுக்க நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கவேயில்லை.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியதில்லை. போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுதான் கணக்குத் தீர்த்தார். கூடம் நிறைய ஆட்கள். நான் காபித் தட்டோடு நிற்கிறேன். மாமா எழுந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லுங்க. பொண்ணு உங்களைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து பாக்கட்டும். ஒரு பக்கமா பாத்தா அதுக்குச் சரியா வராது."

மாப்பிள்ளை நிஜமாகவே எழுந்து நின்றார். அதனால்தான் கட்டிக்கொண்டேன்.