ஓரிக்கையின் ஜுரத் திருநீறு

ஓரிக்கையில் ஜுரத்துக்கென்று ஒரு சாமி முளைத்திருந்தார். பெயர் காசிநாதன். போன வருஷம்வரை வீட்டுமனைத் தரகர். கனவில் அம்மன் வந்து தொழிலை மாற்றச் சொன்னாளாம். மனை விற்காத மாதமாகப் பார்த்து வந்திருக்கிறாள்.

காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிப்போனால், பித்தளைத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகைத் திருநீறு எடுத்துச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிப் புகட்டுவார். ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கும். வாசலில் செருப்பு விட இடமில்லை. கைக்குழந்தைக்கும் அதே சிட்டிகை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அதே சிட்டிகை. என்னே சமத்துவம்!

கூட்டத்தில் பாதி தறிக்காரர்கள். சரிகையில் அரைக் கிராம் குறைந்தால் தராசைக் கொண்டுவரச் சொல்லி முதலாளியிடம் மல்லுக்கு நிற்பவர்கள். பிள்ளை வாயில் போவதை மட்டும் ஒருவரும் நிறுக்கவில்லை.

வள்ளி பத்து மாதக் குழந்தை அபியோடு மருந்துக்கடைக்கு வந்தாள். "ஜுர சிரப் ஒண்ணு குடும்மா."

கடையில் மருந்து கொடுக்கும் சுகாசினி கேட்டாள்: "எடை எவ்ளோக்கா?"

"எட்டு கிலோ."

"வேற மருந்து எதுனா குடுத்தீங்களா?"

"மருந்தா? இல்லமா. சாமி திருநீறுதான், காலைலேர்ந்து நாலு வாட்டி. குடுத்தா எறங்குது, மறுபடி ஏறிக்கினே இருக்குது."

சுகாசினி பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போணும்க்கா. வழியில சாமிகிட்ட ரெண்டு நிமிஷம். உள்ள போனது என்னன்னு டாக்டருக்குச் சொல்லணும்."

சாமி முன்னால் சுகாசினி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். "எங்க வீட்டுத் திருநீறு சாமி. இத மந்திரிச்சுக் குடுங்க."

"என் தட்டுக்குத்தான் சக்தி."

"அப்ப மந்திரத்துக்கு இல்லியா?" தட்டைத் தூக்கிப் பக்கத்தில் நின்ற நெசவாளர் மணிவண்ணனிடம் நீட்டினாள். "நாக்குல வையுங்கண்ணா. ரெண்டையும்."

வைத்தார். வீட்டுத் திருநீற்றுக்கு முகம் மாறவில்லை. சாமி திருநீற்றுக்குக் காறித் துப்பினார். "கசக்குதுபா! திருநீறு எங்கனா கசக்குமா?"

சாமி உட்கார்ந்திருந்த மணையைப் புரட்டினார்கள். மருந்து பொடிக்கும் கல்வம், குழவி, காலி மாத்திரை அட்டைகள். அத்தனையும் பாரசிட்டமால் ஐநூறு மில்லிகிராம்.

"ஒரு சிட்டிகையில எவ்ளோய்யா?" என்றாள் சுகாசினி.

"பாதி மாத்திரை இருக்கும்மா..."

"அப்ப இருநூத்தம்பது. கிலோவுக்குப் பதினஞ்சு மில்லிகிராம்னா இந்தப் புள்ளைக்கு ஒரு வேளைக்கு நூத்தியிருவதுதான். அதுவும் ஆறு மணி நேரம் விட்டு. நாள் முழுக்க ஐநூறு தாண்டக் கூடாத உடம்புல, காலைலேர்ந்து ஆயிரம் ஏத்தியிருக்கற!"

வள்ளி அபியின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "புள்ள சிரிச்சிக்கினுதானமா இருக்குது?"

"கல்லீரல் கெட ஆரம்பிச்சா மொதல்ல வெளிய தெரியாதுக்கா. ஆட்டோ ஏறு!"

ஆஸ்பத்திரியில் முறிமருந்து ஏற்றினார்கள். மூன்று நாள் ரத்தப் பரிசோதனை. அபி தப்பித்தாள்.

காசிநாதனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதும் ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாத்திரையா இருந்தா இன்னாமா? சாமி கை பட்டதாச்சே!"

யார் கை பட்டது என்று கல்லீரல் விசாரிப்பதில்லை. அதற்குத் தெரிந்தது அளவு ஒன்றுதான். "எவ்வளவு?" என்று நாமும் கேட்கப் பழகினால் போதும், ஊரிலுள்ள சாமிகளுக்கெல்லாம் ஜுரம் கண்டுவிடும்.